மூச்சும் இளைப்பும்

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர்ச் சாலையில் மேற்கே போனால் தாமல் வரும். பெரிய ஏரிக்குப் பேர்போன ஊர். ஏரி வற்றிக் கிடந்த ஒரு கோடை மாலையில் அங்கே பையன்கள் சடுகுடு ஆடுவதைப் பார்த்தேன். ஒருவன் மூச்சடக்கிப் பாடிப் போகிறான், தொடுகிறான், பாய்ந்து திரும்பிக் கோட்டுக்கு இப்பால் இடுப்பில் கைவைத்து இளைக்கிறான். சற்றுப் பொறுத்து மறுபடியும் போகிறான்.

இந்த இளைப்பாறலும் ஆட்டத்தைச் சேர்ந்ததுதானோ என்று எனக்குத் தோன்றிற்று. சரித்திரத்தைப் புரட்டினால் அது அசட்டுக் கேள்வி அல்ல.

1930-க்குப் பின், ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாசிரியரும் ரைண்டல் என்ற இருதய வைத்தியரும் ஓட்டக்காரர்களின் நாடித் துடிப்பைக் கணக்கிட்டு ஒரு முறையை வகுத்தார்கள். துடிப்பு நிமிஷத்துக்கு 180 ஆகும்வரை ஓடவேண்டும். 120-க்கு இறங்கியதும் மீண்டும் ஓடவேண்டும். இறங்குவதற்கு ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆனால், ஓட்டம் அளவு மீறிவிட்டது என்று பொருள். இருதயம் பலப்படுவது அந்த இடைவேளையில்தான் என்பது அவர்கள் கொள்கை. கெர்ஷ்லரின் மாணவர் ஹார்பிக் 1939-ல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடினார். 1955 வரை அதை எவரும் முறியடிக்கவில்லை. பாவம், அவர் 1944-லேயே போர்முனையில் மாண்டுபோனார்.

விந்தையைக் கேளுங்கள். அதே ஜெர்மனியில், 1936 பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில், அமராவதியிலிருந்து சென்ற ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் கபடி ஆடிக் காட்டினார்கள். நம் சடுகுடுதான்!

1996-ல் ஜப்பானியரான தபாட்டா இன்னும் சுருக்கமான ஒரு முறையை ஆராய்ந்து வெளியிட்டார். 20 விநாடி உயிரைக் கொடுத்து உழைப்பு, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டுத் தடவை. நான்கே நிமிஷம்! ஒரு மணி நேரம் நிதானமாக மிதித்தவர்களுக்குக் குறையாமல், ஆறே வாரத்தில் இவர்களுக்கும் பிராணவாயுவை ஏற்கும் சக்தி கூடிற்று.

உடனே, "எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே" என்று மார்தட்டக் கூடாது. அவர்கள் ஆடினார்கள், அளக்கவில்லை. அளந்தவர்கள் பெயர் பெற்றது நியாயந்தான்.

என் வருத்தம் வேறு. சடுகுடுவைப் புழுதி ஆட்டம் என்று ஒதுக்கியவர்கள் நாம். 1990-ல் பீஜிங் ஆசிய விளையாட்டில் கபடி நமக்குத் தங்கம் கொண்டுவந்த பிறகும் நம் எண்ணம் அதிகம் மாறவில்லை. அன்று தடுக்கப்பட்ட பிள்ளைகள் இன்று நடுவயதில் பணம் கட்டி, கடிகாரத்தைப் பார்த்து, அரை நிமிஷம் குதித்து அரை நிமிஷம் நிற்கப் பழகுகிறார்கள்.

என் தகப்பனார் என்னைத் தடுத்தார். நான் என் பிள்ளையைத் தடுத்தேன். பேரன் சட்டையெல்லாம் புழுதியோடு வந்து நின்றால், இனி நான் வாயைத் திறக்கப் போவதில்லை.