நிப்பா கற்றுக்கொடுத்த பாடம்

புலனத்தில் வந்த ஒரு செய்தியைக் காட்டி, "இது உண்மையா டீச்சர்?" என்று மாணவர் கேட்டால் என்ன சொல்கிறோம்? பெரும்பாலும், "செபெனார்ஞா தளத்துல போய்ப் பாரு" என்போம். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய தளம் அது. நல்ல தொடக்கம்தான். ஆனால், அதோடு நின்றுவிட்டால் போதாது என்கிறது நம் மாநில வரலாறு.

1998-இல் பேராக்கில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், சிரம்பான் அருகிலுள்ள சிக்காமாட்டிலும், பிறகு போர்ட்டிக்சன் வட்டாரத்துப் புக்கிட் பெலண்டோக்கிலும் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அதிகாரிகள் அறிவித்தனர். சில நோயாளிகளின் இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான் காட்டியது. புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

ஆனாலும் கணக்கு இடித்தது. அந்நோய் வழக்கமாகத் தாக்குவது சிறுபிள்ளைகளை. இங்கே விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு என்ன, ஆள் பார்த்தா கடிக்கும்?

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் சுவா காவ் பிங் ஒரு புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை உறுதிப்படுத்தியது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 10 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன; நோய் அடங்கியது. அதற்குள் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்திருந்தனர்.

உண்மைச் சரிபார்ப்பாளர்கள் இன்று வகுப்பெடுப்பதும் இதே வழியைத்தான். ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் 2017 ஆய்வில் வரலாற்று அறிஞர் 10 பேர், சரிபார்ப்பாளர் 10 பேர், மாணவர் 25 பேர் இணையத் தளங்களைச் சோதித்தனர். முந்தியவர்கள் சரிபார்ப்பாளர்களே. தளத்தின் அழகில் மயங்காமல் உடனே வெளியேறி, மற்றவர்கள் அதைப்பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இந்தியாவில் 2020-இல் தொடங்கிய ஃபேக்ட்ஷாலா திட்டமும் இப்படிப்பட்ட பயிற்சியைத்தான் மக்களிடம் கொண்டு செல்கிறது.

யார் சொல்கிறார்? ஆதாரம் என்ன? மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? இந்த மூன்றையும் அமைச்சின் அறிவிப்பிடமும் கேட்கலாம், புலனச் செய்தியிடமும் கேட்கலாம். ஆனால் ஒன்று: சுவா வெறுமனே சந்தேகப்படவில்லை; சோதித்துக் காட்டினார். எதையும் நம்பாதே என்பது பாடமல்ல, சோதித்து நம்பு என்பதே பாடம்.

அடுத்த வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். 1999-இல் இங்கு வாழ்ந்த தாத்தா பாட்டியிடம், "அப்போ என்ன கேள்விப்பட்டீங்க?" என்று மாணவர்கள் விசாரித்து வரட்டும். கேட்டு வந்ததில் எது வதந்தி, எது ஆதாரமுள்ளது என்று அவர்களே பிரிக்கட்டும். தேர்வுக் கட்டுரைக்குச் சான்றும் கிடைக்கும்; பிழைக்கும் வழியும் புரியும்.