4294967297 (எண்)

4294967297 (நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு) என்பது பத்து இலக்கங்களைக் கொண்ட ஓர் ஒற்றை எண் ஆகும். இதை 2³² + 1 எனவும் எழுதலாம். பெர்மாவின் புகழ்பெற்ற கணிப்பு ஒன்றைப் பொய்யாக்கிய எண் என்பதால் கணித வரலாற்றில் இது தனியிடம் பெறுகிறது.

பெர்மாவின் கணிப்பு

2 இன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும் எண்களை இட்டு, விடையுடன் 1 ஐக் கூட்டினால் கிடைப்பவை பெர்மா எண்கள் எனப்படும். அவற்றில் முதல் ஐந்தான 3, 5, 17, 257, 65537 ஆகியவை பகா எண்கள். பிரான்சு நாட்டின் துலூசு நகரில் நீதித்துறைப் பதவி வகித்த பியேர் டி பெர்மா, இவ்வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என நம்பினார். 1640 இல் எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்ட அவர், தம்மிடம் நிறுவல் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். வரிசையின் ஆறாவது எண்ணே 4294967297.

ஆய்லரின் கண்டுபிடிப்பு

1729 இல் கோல்ட்பாக் எழுதிய கடிதம் ஒன்று லியோனார்டு ஆய்லரின் கவனத்தை இக்கணிப்பின் பக்கம் திருப்பியது. 1732 இல், தமது 25 ஆம் வயதில், ஆய்லர் விடையை அறிவித்தார்:

4294967297 = 641 × 6700417

இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவும் 64 இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும் என்பதை அவர் பின்னர் நிறுவினார். அவ்வகைப் பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641 என வரும். எனவே ஐந்தாவது முயற்சியிலேயே காரணி கிடைத்துவிடும். இந்நிறுவலுக்கு அடிப்படையான 'பெர்மாவின் சிறிய தேற்றம்', பெர்மாவே 1640 இல் கூறியது என்பது குறிப்பிடத்தக்கது.

எளிய சரிபார்ப்பு

பெரிய வகுத்தல் எதுவும் செய்யாமலும் இதைச் சரிபார்க்கலாம். 640⁴ − 1 என்பதற்கு 640 + 1 ஒரு காரணி. எனவே அது 641 ஆல் வகுபடும். 640 = 5 × 2⁷ என்பதால் 640⁴ = 5⁴ × 2²⁸. மேலும் 5⁴ + 2⁴ = 641. ஆகவே 640⁴ + 2³² = 2²⁸ × 641; இதுவும் 641 ஆல் வகுபடும். இவ்விரண்டின் வேறுபாடு 2³² + 1 ஆகும்.

வகைப்பாடு

* இது ஒரு பகு எண். இதன் இரு காரணிகளும் பகா எண்கள் என்பதால் வகுத்திகள் நான்கு மட்டுமே: 1, 641, 6700417, 4294967297.
* தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 6701059. இது எண்ணைவிடச் சிறியது என்பதால் இது ஒரு குறைவெண்.
* அடிமானம் 2 ஐக் கொண்டு பெர்மாவின் சிறிய தேற்றத்தால் சோதித்தால், இது பகா எண்ணைப் போலவே தேறிவிடும். ஆதலால் இது ஒரு போலிப் பகா எண். அடிமானம் 3 ஐக் கொண்டு சோதித்தால் உண்மை வெளிப்படும்.

பின்விளைவுகள்

ஒழுங்கு 17 கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என 1796 இல் காஸ் கண்டறிந்ததால், பெர்மா எண்கள் வடிவியலிலும் முதன்மை பெற்றன. அறியப்பட்ட ஐந்து பெர்மா பகா எண்களையும் பெருக்கினால் 4294967295 கிடைக்கும். அவ்வாறு வரையத்தக்கது என இதுவரை அறியப்பட்டுள்ள ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கைகளில் மிகப்பெரியது அதுவே. அது 4294967297 ஐவிட இரண்டு மட்டுமே குறைவு. 65537 க்குப் பின் இன்றுவரை வேறொரு பெர்மா பகா எண் கண்டறியப்படவில்லை. தொடர்ந்து ஐந்து முறை உண்மையானது ஆறாவது முறையும் உண்மையாக வேண்டியதில்லை என்பதற்கு இவ்வெண் பாடநூல்களில் எடுத்துக்காட்டாக விளங்குகிறது.