ஜீவனம் என்றொரு சொல்

பழைய கிரயப் பத்திரங்களில் ஆளை அடையாளம் காட்ட ஒரு வாய்பாடு உண்டு: ஊர், தகப்பன் பேர், மதம், ஜாதி, ஜீவனம். என் கொள்ளுத்தாத்தாவைத் தேடி நான் போனது இந்தக் கடைசிச் சொல்லுக்காக. நாவிதர் குடும்பம் எங்களுடையது. "கத்தியத் தேடாதடா, ஏட்டத் தேடு. அவரு வைத்தியரு" என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார்.

அச்சான ஆவணங்களில் அவர் இருக்க வழியில்லை. ஆசைலம் பிரஸ் டைரக்டரியின் தடித்த தொகுதிகளில் உத்தியோகஸ்தர்கள், கம்பெனிகள், பட்டணத்து வீதிகள். கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டி அறுத்தவருக்கு அதில் என்ன வேலை? 1871ஆம் ஆண்டு சென்னை மாகாணக் குடிமதிப்பு அறிக்கைதான் சுவாரஸ்யமானது. அதை எழுதிய கார்னிஷ் ஒரு டாக்டர். மாகாணத்தின் சுகாதார ஆணையர். ஜாதிகளை வகுக்கும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தொழிலை ஒட்டிவிடுகிறார்: கைக்கோளர் என்றால் நெசவாளர், குசவர் என்றால் மண்பாண்டம் செய்பவர், அம்பட்டர் என்றால் சிரைப்பவர். வயல் வேலைக்குப் போன கைக்கோளரும் அங்கே நெசவாளரே. ஜாதி தொழிலை விழுங்கிவிடுகிறது. 1909இல் தர்ஸ்டன், இவர்கள் வைத்தியம் பார்ப்பதையும் இவர்களது பெண்கள் பிரசவம் பார்ப்பதையும் எழுதத்தான் செய்தார். ஆனால் அது வழக்கமாகப் பதிவாகிறதே ஒழிய அறிவாக அல்ல. 1914இல் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தபோது, பதிவேடு மேற்கத்திய மருத்துவம் படித்தவர்களுக்கே திறந்தது. (11ஆம் நூற்றாண்டுத் திருமுக்கூடல் கல்வெட்டில் ஆதுலர் சாலைப் பணியாளர் வரிசையில் மருத்துவனோடும் சல்லியக்கிரியை செய்பவனோடும் நாவிதனும் நிற்கிறான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.)

சார்பதிவகத்தில் இரண்டு பத்திரங்கள் கிடைத்தன. 1898இல் 'க்ஷவர ஜீவனம்'. 1926இல் அதே ஆள், அதே தகப்பன் பேர், 'வைத்திய ஜீவனம்'. அப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டிலும் கைநாட்டு இல்லை, கையெழுத்து என்றுதான் குறிப்பு. அப்படியானால் முதல் பத்திரத்தில் எழுதியதை அவர் படித்துவிட்டே ஒப்பமிட்டிருப்பார். அது அவருக்குப் பொய்யாகப் படவில்லை போலும். அவருக்கு இரண்டும் ஒரே அடைப்பப் பையில் இருந்தவை. கத்தியை மறைத்து ஏட்டை மட்டும் மீட்கப் புறப்பட்ட நான், கார்னிஷின் பட்டியலைத் தலைகீழாக்கினேனே தவிர அதைக் கிழிக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு பத்திரமும் இருந்தது. தாத்தா செத்தபின் 1943இல் கொள்ளுப்பாட்டி கொல்லையை விற்றது. ஊரில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தக் கெழவி பேரப்புள்ளயா நீ? எனக்குத் தொப்புள்கொடி அறுத்தது அவதான்னு எங்கம்மா சொல்லும்." பத்திரத்தில் அவளுக்கு ஜீவனமே எழுதவில்லை. 'காலஞ்சென்ற இன்னார் பெண்சாதி' என்று மட்டும் இருக்கிறது. கீழே இடதுகைப் பெருவிரல் ரேகை.