தாய்மார் கேட்ட சமாதானம்

ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் சாலையில் இருக்கிற சிறிய ஊர் கட்டபெட்டு. சுற்றிலும் படகர்களின் ஹட்டிகள், தேயிலைச் சரிவுகள், தொழிலாளர் குடியிருப்புகள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் சிலர் ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்குப் போகிறார்கள். ஜான் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸில் 1955இல் தொடங்கிய கல்லூரி அது. பலர் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கு இறங்குகிறார்கள். பிள்ளை பெட்டியோடு பஸ் ஏறிய வாரத்திலேயே கிறிஸ்தவ வீடுகளின் ஜெபக் குறிப்புகளில் ஒரு பெயர் கூடிவிடும். உபவாச ஜெபத்துக்கு வருகிற பெண்கள் அந்தப் பெயரை வாரந்தோறும் சொல்வார்கள். கூட்டம் முடிந்து எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடியும். பகலெல்லாம் மேட்டில் நின்று கொழுந்து பறித்த கால்கள் அவை.

அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பிள்ளைக்குச் சமாதானம். மகனுக்காகக் கேட்கும்போது அதற்குள் அரியர் இல்லாத தேர்ச்சி, குடிக்காத நண்பர்கள், வேலை எல்லாம் அடங்கும். மகளுக்காகக் கேட்கும்போது பட்டியல் மாறிவிடும். அவள் பெயர் கெடாமல் திரும்ப வேண்டும், அவள் மனம் யாரிடமும் போய்விடக் கூடாது. தகப்பன்மாரும் ஜெபிக்கிறார்கள். ஆனால் அவர்கள் குரல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கேட்கும். உபவாசத்தில் வயிறு காய்வது பெரும்பாலும் தாய்மாருக்குத்தான். இதை உழைப்பு என்றே நான் எண்ணுகிறேன்: கூலியில்லாத உழைப்பு, வீட்டு வேலையின் கடைசிப் பகுதி. ஆயர்களின் பிரசங்கங்கள் அச்சாகியிருக்கின்றன. மிஷனரிகளின் கடிதங்கள் ஐரோப்பாவின் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. காலண்டர் தாளின் பின்புறம் பெண்கள் எழுதிவைத்த ஜெபக் குறிப்புகளோ அடுத்த வருஷக் காலண்டர் வந்ததும் அடுப்புக்குப் போய்விடுகின்றன.

சமாதானம் என்ற சொல்லிலேயே கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழ் படித்தவளுக்குச் சொல்லைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. எபிரேய மொழியின் ஷாலோம் என்ற சொல்லுக்கு முழுமை, குறைவில்லாத நலம் என்று பொருள். பசி, கடன், பயம் எதுவும் இல்லாத நிலை அது. புராட்டஸ்டண்ட் தமிழ் வேதாகமம் அதைச் சமாதானம் என்கிறது. ஆனால் ஆலயத்துக்கு வெளியே அந்தச் சொல் வேறு வேலைகளையும் செய்கிறது. அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிறோம். அடி வாங்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிற பெண்ணிடம் "சமாதானமாப் போங்கம்மா" என்கிறார்கள். கேட்ட கேள்விக்கு நேரான பதில் இல்லாதபோதும் ஒரு சமாதானம் சொல்லிவைக்கிறோம். 1995இல் வந்த திருவிவிலியம் அந்த இடங்களில் அமைதி என்று மாற்றியது. அதிலும் பெண்களுக்கு விடுதலை இல்லை. "அமைதியா இரு" என்பதைக் கேட்காமல் வளர்ந்த பெண் யார்? ஆக, தாய் எதைக் கேட்டு ஜெபிக்கிறாளோ அதே சொல்லால்தான் அவள் வாயும் அடைக்கப்படுகிறது. இந்த ஜெபத்தின் வரலாற்றைப் பார்த்தால் இந்த இரண்டு பொருளும் மாறி மாறி வருவதைக் காணலாம்.

தாய்மார் தினப் பிரசங்கங்களில் அன்னாள் தவறாமல் வருவாள். சீலோவின் ஆலயத்தில் அவள் உதடு மட்டும் அசைய, சத்தம் வராமல் ஜெபித்தாள். ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். பெண்ணின் ஜெபத்தை ஆண் எப்படிப் படித்தான் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை. பிரசங்கங்கள் விரைவாகக் கடந்துபோகிற ஒரு சிறிய விவரம் எனக்குப் பிடிக்கும். பிள்ளையை ஆலயத்தில் விட்ட பிறகு அன்னாள் ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள். கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு அளவு எப்படித் தெரிந்திருக்கும்? ஹாஸ்டலுக்குப் பலகாரம் கட்டி அனுப்புகிறவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும்.

கல்லூரிப் பிள்ளைக்காக ஜெபித்த தாய் என்றால் மோனிக்காதான் முதன்மையானவர். அவர் மகன் அகுஸ்தீன் 354இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரில் பிறந்தவர். பதினாறு பதினேழு வயதில் படிக்கக் கார்த்தேஜ் நகரத்துக்குப் போனார். தந்தை இறந்தபின் தாயின் பணத்தில் படித்ததை அகுஸ்தீனே எழுதியிருக்கிறார். அங்கே அவர் வேறு சமயத்தில் சேர்ந்தார், ஒரு பெண்ணோடு வாழ்ந்தார், ஒரு மகனைப் பெற்றார். மோனிக்கா அழுதுகொண்டே இருந்தார். 383இல் மகன் ரோமுக்குக் கப்பலேறப் பார்த்தபோது போக வேண்டாமென்று துறைமுகம் வரை வந்தார். மகன் பொய் சொல்லி அவரை அருகிலிருந்த சிப்ரியான் நினைவாலயத்தில் தங்கவைத்துவிட்டு, அவர் இரவெல்லாம் ஜெபித்துக்கொண்டிருக்கையில் போய்விட்டார். 387இல் அகுஸ்தீன் மிலானில் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் மோனிக்கா ஒஸ்தியாவில் இறந்தார். கேட்டது கிடைத்த தாய் என்று திருச்சபை அவரைப் புனிதராக்கியது.

அதே மகன் எழுதிய இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. கணவனிடம் அடி வாங்கிய தழும்போடு வந்து முறையிட்ட பெண்களிடம், திருமணமான அன்றே நீங்கள் அடிமைகளாகிவிட்டீர்கள், எதிர்த்துப் பேசாதீர்கள் என்று மோனிக்கா புத்தி சொன்னாராம். முன்கோபியான கணவனிடம் தான் அடி வாங்காமல் தப்பியதும் அந்த மௌனத்தால்தான் என்பது அவருடைய நம்பிக்கை. இது காவல் நிலையச் சமாதானம். இரண்டாவது செய்தி இன்னும் கனமானது. மகனுக்குத் தகுதியான குடும்பத்தில் திருமணம் பேச வேண்டியிருந்தபோது, பதினைந்து ஆண்டுகளுக்கு நெருக்கமாக அவரோடு வாழ்ந்த அந்தப் பெண் மிலானிலிருந்து ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். திருமணத்துக்குப் பேசப்பட்டவளோ உரிய வயதை எட்ட இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டிய சிறுமி. திருப்பி அனுப்பப்பட்டவளின் மகன் அதேயோதாத்துஸ் தந்தையோடு தங்கிவிட்டான். பதினாறு பதினேழு வயதில் இறந்தான். மோனிக்காவின் கண்ணீருக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கிய புத்தகத்தில் அந்தத் தாயின் பெயர் ஒரு முறைகூட இல்லை. கடல் கடந்து இருந்த மகனுக்காக அவளும் ஏதாவது கேட்டிருப்பாள்.

என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் கிறிஸ்தவ மாணவிகளிடம் இந்தக் கதையைச் சொன்னால், அவர்கள் மோனிக்காவைப் பற்றிக் கேட்பதே இல்லை. பெயரில்லாதவளைப் பற்றியே கேட்கிறார்கள். ஏன் என்று நான் விசாரித்ததில்லை. வேறு சாதிப் பையனைப் பிடித்துப்போன மகளுக்காக வீட்டில் எப்படிப்பட்ட உபவாசம் நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஞானஸ்நானம் சாதியைக் கரைத்துவிடவில்லை என்பது தமிழ்க் கிறிஸ்தவத்தில் எல்லாரும் அறிந்த, யாரும் ஜெபக் குறிப்பில் எழுதாத விஷயம். மகளின் சமாதானம் என்று கேட்கப்படுவது சில வீடுகளில் குடும்பத்தின் சாதிச் சமாதானம்தான்.

நீலகிரிக்கு இந்த ஜெபம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1846இல் பாசல் மிஷன் கேத்தியில் ஊன்றியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1858இல்தான் முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றார். அவர்கள் படக மொழியில் கொண்டுவந்த சுவிசேஷம் லூக்கா. மங்களூரின் பாசல் மிஷன் அச்சகத்தில் கன்னட எழுத்தில் அச்சானது. பன்னிரண்டு வயது மகன் காணாமல் போய், மூன்று நாள் தேடி, ஆலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவனை மரியாள் கண்டுபிடிக்கும் கதை அந்தச் சுவிசேஷத்தில் மட்டுமே உண்டு. படிக்கப்போன பிள்ளை தாய்க்கு அந்நியமாகிவிடும் கதை இந்த மலையின் மொழியில் முதலில் அச்சேறியது தற்செயல்தான்.

தாய்மாரின் ஜெபத்தை அமைப்பாக்கியது இங்கிலாந்து. ஓர் ஆயரின் மனைவியான மேரி சம்னர் 1876இல் தொடங்கிய தாய்மார் சங்கம் காலனி நாடுகளெங்கும் பரவியது. பிள்ளையை நல்ல குடிமகனாக்குவது தாயின் ஜெபக் கடமை என்பது அதன் சாரம். பேரரசுக்கும் அது வசதியாக இருந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் பெண்கள் ஐக்கிய சங்கங்கள் ஊர் ஊராகக் கூடின. அதே திருச்சபை ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் குருப்பட்டம் கொடுக்க 1976 வரை ஆனது. முழங்காலில் நிற்க அனுமதித்தவர்கள் பீடத்தில் நிற்க அனுமதிக்க 29 ஆண்டுகள்! ஆனாலும் சங்கக் கூட்டம் என்றால்தான் பல பெண்களுக்கு வீட்டைவிட்டு வெளியே வர முடிந்தது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில்தான் கணவனின் குடியையும் மகளின் பயத்தையும் இன்னொரு பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

1984இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபெர்ன் நிக்கல்ஸ் என்ற தாய், பள்ளியில் மேல்வகுப்புக்குப் போன தன் மகன்களை நினைத்துக் கவலைப்பட்டு இன்னொரு தாயை ஜெபிக்க அழைத்தார். அந்தச் சிறு கூட்டம் பின்னால் பல நாடுகளில் கிளைவிட்ட அமைப்பானது. அதே 1984இல், ஜூலை மாதம், யாழ்ப்பாணத்தில் தாய்மார் கூடினார்கள்.

யாழ்ப்பாணம் கட்டபெட்டுக்குத் தூரமில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத்துத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவுசெய்தது. எந்தத் தாயிடமும் கேட்டு எடுத்த முடிவு அல்ல அது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னால் டான்டீ ஆனது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களின் ஜெபக் கூட்டங்களில் அந்தக் குடும்பத்துப் பெண்களும் உண்டு. அவர்கள் மலையகத்தார், யாழ்ப்பாணத்தார் அல்ல. ஆனால் இலங்கைச் செய்தி வந்தபோதெல்லாம் இந்த மலையில் தூக்கம் கெட்டது.

அங்கே அமைதி முதலில் உடைந்த இடங்களில் ஒன்று கல்லூரி வாசல். 1971இல் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவப் படிப்புக்குத் தமிழ் மாணவர் 400க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்கள மாணவருக்கு 229 போதும். மதிப்பெண்ணுக்காக ஜெபித்த தாய்மார் பதின்மூன்று ஆண்டுக்குள் உயிருக்காக ஜெபித்தார்கள். 1984இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் படையினர் பிடித்துச் சென்றபோது, நூற்றுக்கணக்கான பெண்கள் அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்குள் புகுந்து பிள்ளைகளைக் கேட்டார்கள். அன்னையர் முன்னணி அப்படிப் பிறந்தது. கோயிலுக்குப் போகிறவர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் வாழ்ந்த ஊர் அது. ஆண்டவரிடம் கேட்டதையே அரசிடமும் கேட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தக் குரல் இயக்கத்தின் பிடிக்குள் போய் ஒடுங்கியது என்பதையும் மறைக்கக் கூடாது.

வேதாகமத்தில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. தாய்மார் தினத்தில் அவளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள். தாவீது அரசன் ஒப்புக்கொடுத்துக் கொல்லப்பட்ட எழுவரில் இருவர் அவள் மகன்கள். பாறைமேல் இரட்டை விரித்து உட்கார்ந்து, அறுப்புக் காலம் தொடங்கி மழை விழும்வரை, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் உடல்களை அண்டவிடாமல் விரட்டினாள். அவள் ஜெபித்ததாக ஒரு வார்த்தை இல்லை. அரசன்தான் இறங்கிவந்து எலும்புகளை அடக்கம் செய்தான்.

ராஜினி திராணகம 1954இல் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கொழும்பில் மருத்துவம் படித்தார், ஒரு சிங்களரை மணந்தார், இங்கிலாந்தில் ஆய்வு முடித்துப் போர் நடந்த ஊருக்கே திரும்பி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்தார். பிறர் பிள்ளைகள் அவருடைய மாணவர்கள். அவருக்கும் இரண்டு சிறு மகள்கள். முறிந்த பனை நூலில் போரில் பெண்கள் பட்டதை அவர்கள் வாய்மொழியாலேயே பதிவுசெய்தார். அரசுப் படை, இந்திய அமைதிப் படை, இயக்கங்கள் என்று எவரையும் விட்டுவைக்கவில்லை. அமைதிப் படை! அந்தப் பெயரிலும் அதே சொல். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்தில் தேர்வு முடித்துச் சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. கொன்றது புலிகள்தான் என்பது அவர் குடும்பத்தின், சக ஆசிரியர்களின் நிலைப்பாடு. "சமாதானமாகப் போ" என்று அவருக்கும் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்ட சமாதானம் ஷாலோமின் பொருளில் இருந்தது.

கட்டபெட்டில் போர் இல்லை. இங்கே பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது பச்சைத் தேயிலையின் விலை. தொண்ணூறுகளின் கடைசியில் அது சரிந்தபோது சிறு விவசாயிகள் பலர் கடனில் விழுந்தார்கள். 2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பகுதியில் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பந்தலில் பெண்களும் உட்கார்ந்தார்கள். அந்தச் சாலையிலேயே, வேறு கூரைகளுக்குக் கீழே, பிள்ளைகளுக்காக உபவாச ஜெபமும் வழக்கம்போல நடக்கிறது. இரண்டு கூட்டமும் பட்டினி கிடக்கிற கூட்டம்தான். பந்தலில் கேட்டது கிலோவுக்குக் குறைந்தபட்சம் 33 ரூபாய் 50 காசு. ஒரு செமஸ்டர் ஹாஸ்டல் கட்டணத்தை அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை கிலோ கொழுந்து வரும் என்பதை இந்த மலையின் தாய் எவளும் மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள்.