அண்ணாமலையானா: பிச்சாவரத்துக் கலப்பின மரம் பெயர் பெற்ற வரலாறு

அரிய தாவரம் என்றதும் மலைச்சோலையும் பாறைச்சரிவும்தான் நினைவுக்கு வருகின்றன. கடலூர் மாவட்டம் தாவரவியலுக்குத் தந்த அரிய மரம் உப்பங்கழியில் நிற்கிறது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இனங்காணப்பட்ட ரைசோபோரா அண்ணாமலையானாதான் அது.

அங்குள்ள வாய்க்கால் ஓரங்களில் சுரபுன்னை (ரைசோபோரா) அபிகுலேட்டா, முக்ரோனேட்டா என இரண்டு இனங்களாக வளர்கிறது. அபிகுலேட்டாவின் இலை குறுகலானது. அதன் பூக்கள் இரண்டிரண்டாக, இலையுதிர்ந்த கணுக்களில், குட்டையான தடித்த காம்பில் ஒட்டியிருக்கும்; இதழில் மயிர் கிடையாது. முக்ரோனேட்டாவின் இலை அகன்றது, நுனியில் ஊசிபோன்ற முனை உண்டு. அதன் பூக்கொத்து இலைக்கக்கத்திலிருந்து நீண்ட காம்பில் தொங்கும், இதழோரம் மயிரடர்ந்திருக்கும். இவ்விரண்டின் இயல்புகளும் கலந்த சில மரங்கள் ஆய்வாளர் கண்ணில் பட்டதிலிருந்து இந்த வரலாறு தொடங்குகிறது.

முதலில் அவற்றுக்கு ரைசோபோரா லமார்க்கியை என்று பெயரிட்டார்கள். 1860-இல் மோன்ட்ரூசியே நியூ கலிடோனியாவிலிருந்து விவரித்த கலப்பினம் அது. தோற்றத்தை மட்டும் பார்த்தால் அந்த முடிவில் குறைசொல்ல இடமில்லை. ஆனால் லமார்க்கியையின் பெற்றோர் அபிகுலேட்டாவும் ஸ்டைலோசா என்ற மற்றொரு சுரபுன்னை இனமும். பிச்சாவரத்தில் ஸ்டைலோசா இல்லை. பெற்றோரில் ஒன்று இல்லாத காட்டில் பிள்ளை எப்படி வந்தது? இலையளவையும் பூவமைப்பையும்விட இந்தக் கேள்விதான் ஆய்வைத் திசைதிருப்பியது என்பது என் கருத்து.

பரங்கிப்பேட்டையில் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தின் க. கதிரேசன், 1995-இல் இம்மரத்தைப் புதிய இனமாக விவரித்து, பல்கலைக்கழகத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1997-இல் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடாவின் குழு டி.என்.ஏ. குறியீடுகளை ஒப்பிட்டு, அபிகுலேட்டாவும் முக்ரோனேட்டாவுமே பெற்றோர் என்று நிறுவியது. கதிரேசன் 1999-இல் பெருக்கல் குறியிட்ட கலப்பினப் பெயராக அதை மீண்டும் வெளியிட்டார். புதிய சான்று வந்ததும் தாம் வைத்த பெயரின் தகுதியையே மாற்றிப் பதிவுசெய்த இந்த நேர்மை, வகைப்பாட்டியல் மாணவர்கள் படிக்க வேண்டிய பாடம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதே கலப்பினம் பின்னர் அறியப்பட்டபோது, சிதம்பரத்தில் பிறந்த பெயரே அங்கும் வழங்கியது.

மரம் அரிதாக இருப்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட முளைக்காயாகத் தொங்கி, பிறகு சேற்றில் விழும். கலப்பின மரம் நிறையப் பூத்தாலும் முளைக்காய் பிடிப்பது மிக அரிது. பெற்றோர் இரண்டும் அருகருகே நின்று, ஒன்றின் மகரந்தம் மற்றதைச் சேர்ந்தால்தான் அடுத்த கன்று வரும்.

அந்த அண்மைக்குக் காட்டின் பழைய நிர்வாகம் ஊறு செய்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து கூப்பு முறையில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் மண் காய்ந்து அமிழ்ந்தது. பள்ளத்தில் ஓதநீர் தேங்கி உப்பேறியது. 1990-களில் அதே எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவனமும் வனத்துறையும் கிள்ளைப் பகுதி மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தைத் திருப்பின. நட்டதில் பெரும்பங்கு சுரபுன்னை அல்லாத வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம். பரப்பை மீட்க அது சரியான தேர்வு; கலப்பினத்துக்கு அது உதவாது.

பிச்சாவரம் 2022-இல் ராம்சார் தலமானது. காட்டைப் பரப்பளவால் காக்கும் திட்டத்தோடு, ஒவ்வொரு அண்ணாமலையானா மரத்தையும் வரைபடத்தில் குறித்து, அதைச் சுற்றி இரு சுரபுன்னைகளையும் கலந்து நடும் வேலையும் சேர வேண்டும். முளைக்காய் பொறுக்கி நாற்றங்காலில் வளர்க்கும் வழக்கமான வழி இந்த மரத்துக்குப் பயன்படாது.