மார்ச் 31-க்குள் செலவழித்தால் வரி குறையுமா? சிறு இணைய விற்பனையாளர்கள் அறிய வேண்டிய விதிகள்

பெங்களூரு: நிதியாண்டு முடிவடையும் மார்ச் மாதத்தில், வரியைக் குறைக்கலாம் என்ற எண்ணத்துடன் சிறு இணைய விற்பனையாளர்கள் அவசரமாகச் சரக்கு கொள்முதல் செய்வதும் கருவிகள் வாங்குவதும் உண்டு. ஆனால், பணம் எந்த நாளில் கைமாறியது என்பதைவிட, அந்தச் செலவு எந்த ஆண்டுக்கு உரியது என்பதையே வருமான வரிச் சட்டம் பெரும்பாலும் கருத்தில் கொள்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் செலவிடுவோருக்கு வரியும் குறைவதில்லை, கையிருப்பும் கரைந்துவிடுகிறது.

2007-ல் ஃபிளிப்கார்ட்டும் 2015-ல் மீஷோவும் தொடங்கப்பட்ட நகரம் பெங்களூரு. இத்தகைய தளங்கள் வழியாக வீட்டிலிருந்தே விற்பனை செய்யும் தனிநபர்கள், மார்ச் 31-க்கு முன் கவனிக்க வேண்டியவை வருமாறு:

செலவுக் கணக்கு தேவைப்படாத முறை

வருமான வரிச் சட்டம், 1961-ன் 44ஏடி பிரிவின் கீழ் சிறு வணிகர்கள் உத்தேச வருமான முறையைத் தேர்வு செய்யலாம். இம்முறையில் விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி மற்றும் மின்னணு வழியில் பெற்ற தொகைக்கு 6 சதவீதம் குறைந்தபட்ச வருமானமாகக் கொள்ளப்படும். விற்றுமுதல் வரம்பு ரூ.2 கோடி, ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மிகாவிட்டால் ரூ.3 கோடி. எல்லாச் செலவுகளும் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே கருதப்படுவதால், இம்முறையில் உள்ளவர்கள் மார்ச் மாதத்தில் எவ்வளவு செலவிட்டாலும் வரியில் மாற்றம் இராது.

2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையின் கீழ் ரூ.12 லட்சம் வரை மொத்த வருமானம் உள்ள, இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு வரித் தள்ளுபடியால், சிறப்பு விகித வருமானங்கள் நீங்கலாக, வரி இல்லை. இந்த வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் அவசரச் செலவால் வரிப் பலன் கிடையாது.

விற்காத சரக்கு செலவாகாது

மற்றவர்கள், வரவு செலவு உண்டான நாளில் பதியும் முறையையோ பணம் கைமாறும் நாளில் பதியும் ரொக்க முறையையோ பின்பற்றலாம். எதுவாயினும் தொடர்ந்து பின்பற்ற வேண்டும். ஆண்டுதோறும் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ள இயலாது.

மார்ச் மாதத்தில் ஒருவர் ரூ.5 லட்சத்துக்குத் துணி வாங்குகிறார் என்று கொள்வோம். மார்ச் 31-க்குள் அதில் ரூ.1 லட்சம் அடக்கவிலையுள்ள சரக்கு மட்டுமே விற்றிருந்தால், எஞ்சிய ரூ.4 லட்சம் மதிப்புள்ள சரக்கு இறுதி இருப்பாகக் கணக்கில் சேரும். எனவே அந்த ஆண்டின் லாபத்திலிருந்து குறைவது ரூ.1 லட்சம் மட்டுமே. அதேவேளையில், விலைபோகாமல் மதிப்பிழந்த சரக்கை அடக்கவிலை, விற்றால் கிடைக்கக்கூடிய விலை ஆகிய இரண்டில் குறைவான மதிப்பில் காட்டலாம். ஆகவே ஆண்டிறுதியில் சரக்கை எண்ணிப் பட்டியலிடுவது, புதிய சரக்கு வாங்குவதைவிடப் பயனுள்ளது.

மடிக்கணினிக்குப் பாதித் தேய்மானம்

கணினிக்கு ஆண்டுத் தேய்மானம் 40 சதவீதம். ஆனால், வாங்கிய ஆண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதி மட்டுமே அனுமதிக்கப்படும். மார்ச் மாதத்தில் ரூ.60,000-க்கு மடிக்கணினி வாங்கி, அம்மாதமே தொழிலுக்குப் பயன்படுத்தத் தொடங்கினால், அவ்வாண்டில் கழிக்கக்கூடியது ரூ.12,000. வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்தால் அதுவும் கிடைக்காது.

பாக்கி வைத்தால் கழிவு தள்ளிப்போகும்

பணம் செலுத்தும் நாள் முக்கியமாகும் இடமும் உண்டு. 2023 நிதிச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 43பி(எச்) விதி, 2023-24 நிதியாண்டு முதல் பொருந்துகிறது. இதன்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்களுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள்ளும் செலுத்த வேண்டும். ஒப்பந்தக் கெடு அதிகபட்சம் 45 நாள்கள். கெடு தவறினால், பணம் செலுத்தும் ஆண்டிலேயே அச்செலவைக் கழிக்க முடியும்.

உதாரணமாக, ஒப்பந்தமின்றி அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு நிறுவனத்திடம் மார்ச் 5-ல் சரக்கு பெற்று, ஏப்ரல் மாதம் பணம் கொடுத்தால், அச்செலவு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். மார்ச் 25-ல் சரக்கு பெற்று ஏப்ரல் 9-க்குள் செலுத்திவிட்டால் நடப்பு ஆண்டிலேயே கழிக்கலாம். பொருளை வாங்கி விற்கும் வணிகர்களிடம் பெற்ற சரக்குக்கு இவ்விதி பொருந்தாது. உற்பத்தியாளர்களுக்கும் சேவை வழங்குவோருக்கும் பொருந்தும்.

பெங்களூரு நிறுவனத்தின் வழக்கு

செலவு எந்த ஆண்டுக்கு உரியது என்ற கேள்வியில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் வழக்கில் 2000-ம் ஆண்டு வழங்கப்பட்டது. ஊழியர்களின் விடுப்பு ஊதியப் பொறுப்பு நிச்சயமாக உண்டாகி, அதன் அளவை நியாயமாகக் கணிக்க முடிந்தால், பின்னர் செலுத்தப்பட இருந்தாலும் அதை அந்த ஆண்டிலேயே கழிக்கலாம் என உச்ச நீதிமன்றம் கூறியது. இதையடுத்து 2001 நிதிச் சட்டம், விடுப்பு ஊதியத்தை உண்மையில் செலுத்தினால் மட்டுமே கழிக்க முடியும் என்று விதித்தது. அந்தத் திருத்தம் செல்லும் என 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

எனினும் பொதுக் கொள்கை நீடிக்கிறது. சென்னையைச் சேர்ந்த ரோடார்க் கன்ட்ரோல்ஸ் வழக்கில், முந்தைய அனுபவத்தின் அடிப்படையில் கணித்த உத்தரவாதச் செலவுக்கான ஒதுக்கீட்டை 2009-ல் நீதிமன்றம் ஏற்றது. வெறும் ஊகத் தொகைக்கு அந்த ஏற்பு இல்லை. உத்தரவாதத்துடன் பொருள் விற்போர் பழைய பழுதுநீக்கப் பதிவுகளைப் பாதுகாப்பது இதனால் அவசியமாகிறது.

ரொக்கமும் டிடிஎஸ்-ம்

ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, அச்செலவைக் கழிக்க முடியாது. விற்பனைத் தளங்கள் பிடிக்கும் டிடிஎஸ் 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம். மார்ச் இறுதியில் விற்ற பொருளுக்கான பணம் ஏப்ரலில் வந்தாலும், ரொக்க முறையில் இல்லாதவருக்கு அது மார்ச் மாத வருமானமே. அந்த விற்பனைக்கான தளக் கட்டணமும் அதே ஆண்டின் செலவே. ஆகவே தளத்தின் கணக்கு அறிக்கையை டிடிஎஸ் விவரத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வருமான வரிச் சட்டம், 2025, 2026 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வருகிறது. ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற சொல் மறைந்து ‘வரி ஆண்டு’ என்பது வருகிறது. பிரிவு எண்களும் மாறுகின்றன. ஆயினும் 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

எந்தச் சட்டமாயினும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. 30 சதவீத வரி வரம்பில் உள்ளவர் கழிக்கத்தக்க ரூ.100 செலவிட்டால் மிச்சமாகும் வரி ஏறத்தாழ ரூ.30, மீதி ரூ.70 அவர் கையிலிருந்தே போகிறது. தொழிலுக்குத் தேவையான செலவாக இருந்தால் மட்டுமே அது லாபகரமாகும்.