மச்சான் வந்த வழி

கல்லூரி விடுதியிலோ தேநீர்க் கடையிலோ சிறிது நேரம் நின்று பாருங்கள். "என்ன மச்சான், எப்ப வந்தே?" என்ற குரல் எப்படியும் காதில் விழும். அழைத்தவருக்கும் அழைக்கப்பட்டவருக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டா? பெரும்பாலும் இல்லை. பின் எப்படி ஓர் உறவுப் பெயர் நண்பர்களின் விளியாயிற்று?

சொல்லின் பிறப்பு

'மைத்துனன்' என்பது பழைய வடிவம். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலேயே காணப்படுகிறது. ஐகாரத்தை அடுத்து வரும் தகர இரட்டை பேச்சில் சகர இரட்டையாகத் திரிவதுண்டு. 'வைத்து' என்பதை 'வச்சு' என்றும், 'தைத்து' என்பதைத் 'தச்சு' என்றும் சொல்கிறோம் அல்லவா? அவ்வாறே மைத்துனன் மச்சுனன் ஆனான், மச்சினனும் ஆனான். மச்சானும் இச்சொற் குடும்பத்தைச் சேர்ந்தவனே.

அண்ணனா, மச்சானா?

பெரியப்பா, சித்தப்பா மக்களும் பெரியம்மா, சின்னம்மா மக்களும் நமக்கு அண்ணன் தம்பி முறை. மாமன் மகனும் அத்தை மகனும் மச்சான் முறை. அமெரிக்க அறிஞர் லூயி ஹென்றி மார்கன் 1871 இல் வெளியிட்ட நூலில், தமிழரின் இந்த முறைவைப்பு வட அமெரிக்கச் செனிகா பழங்குடியினரின் முறைவைப்பை ஒத்திருப்பது கண்டு வியந்தார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அண்ணன், தம்பி என்று அழைக்க வேண்டுமானால் யார் மூத்தவர் என்பது தெரிந்தாக வேண்டும். மூப்பு இளமை காட்டாமல் உடன்பிறந்தானை அழைக்க நம் பேச்சு வழக்கில் தனி விளி இல்லை. அண்ணனிடம் பணிவு வேண்டும். முறைக்காரரிடமோ கேலி பேச உரிமை உண்டு. பணிவும் அதட்டலும் இல்லாத ஒரு விளியைத் தேடிய இளைஞர்களுக்கு மச்சான் வாய்ப்பாக அமைந்ததில் வியப்பென்ன?

ஊருக்கு ஒரு விளி

சென்னையில் அது 'மச்சி' எனக் குறுகியது. இன்று அங்கே மாணவியரும் தோழியை அப்படி அழைக்கின்றனர். மதுரைப் பக்கம் 'மாப்ளே', 'பங்காளி', நெல்லையில் 'ஏலே', குமரியில் 'மக்கா'. மனைவி கணவனையே மச்சான் என்றழைக்கும் ஊர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மாமன் மகள் இன்றும் 'மச்சாள்'.

சொல் கடலையும் மொழியையும் தாண்டியது. இலங்கையில் சிங்கள இளைஞர்களும் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைக்கின்றனர். 2008 இல் வெளிவந்த ஓர் இலங்கைத் திரைப்படத்தின் பெயரே அதுதான். மலேசியாவில் மலாய்க்காரரும் சீனரும் தமிழ் நண்பரை 'மச்சா' என்கின்றனர். 1983 முதல் 2009 வரை நீண்ட போரில் இலங்கை இரண்டுபட்டு நின்றபோதும், இரு தரப்பு மொழிகளிலும் நண்பனுக்கு இந்த ஒரே விளி இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சொல்லும் வாழ்வும்

ஆனால் இச்சொல்லை யாரும் யாரையும் பார்த்துச் சொல்லிவிட முடிந்ததில்லை. பண்ணையாளின் மகன் நிலக்கிழாரின் மகனை மச்சான் என்று கூப்பிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அது மணவுறவு கொண்டாடுவதாகப் பொருள்பட்டிருக்கும். விடுதியிலும் தொழிற்சாலையிலும் சொல் தன் மணவுறவுப் பொருளை உதிர்த்த பின்னரே பலரும் பலரையும் அப்படி அழைக்க முடிந்தது.

உதிர்ந்த அப்பொருள் வாழ்வில் என்னவாயிற்று? 2011–12 இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், கணவர் வேறு சாதியினர் என்று சொன்ன மணமான பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே. நண்பனை மச்சான் என்று அழைக்கிறோம். அவன் உண்மையிலேயே மச்சானாவதை நம் வீடுகளில் பல இன்னும் ஏற்பதில்லை.

நீங்களே ஒரு சிறு ஆய்வு செய்யலாம். தாத்தா, அப்பா, நீங்கள் என மூன்று தலைமுறையினரும் யார் யாரை மச்சான் என்றழைத்தீர்கள் என்று மூன்று பட்டியல்கள் எழுதுங்கள். எந்தப் பட்டியலில் உறவினர் மிகுதி, எதில் அயலார் மிகுதி என்று ஒப்பிடுங்கள். பிறகு, உங்கள் பட்டியலில் உள்ள அயலாருள் எத்தனை பேர் உங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து உண்டிருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.